பிள்ளை பார்க்க வந்த மூவர்

“பிள்ளைய நான் பாத்துக்குறேன் ஃபஸீ. நீ வேலைக்குப் போ.”

“அப்ப கடை?”

“அத்தாகிட்ட சொல்லிக்கலாம்லா.”

“எப்ப சொல்வீங்க மச்சான்?”

“நேரம் பாத்து சொல்றேன்.”

பினாங்கில் பாடாங் கோத்தா கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, ஒரே தட்டு பசெம்பூர் என்ற வடைக் கலவையை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டபடி பேசிய பேச்சு அது. ஃபஸீலாவுக்கு அப்போது ஐந்தாவது மாதம். புருஷன் சொன்னதைக் கேட்டு அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனிதன் தனக்கு வாய்த்ததற்கு அல்லாவுக்கு நன்றி சொல்லி, தட்டில் மிச்சமிருந்த கடைசி இறால் வடையையும் ஜாஹிருக்கே விட்டுக்கொடுத்தாள்.

இப்போது நினைத்தால், அந்த இறால் வடையையாவது தின்றிருக்கலாம் என்று தோன்றியது.

மகள் ஷாஹிரா பிறந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஜாஹிர் இன்னும் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் சொல்ல முடியாது. அத்தா பாசாரில் மீன்காரனோடு சண்டை போட்டுவிட்டு வருவார். மத்தியானம் கடையில் கூட்டம். அசர் தொழுகைக்குப் பிறகு அரைமணி நேரம் ஓய்வெடுப்பார்; ஓய்வெடுக்கிற மனிதரைத் தொந்தரவு செய்வார்களா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ. நோன்பு மாதத்தில் பசியோடிருப்பார். பெருநாள் நல்ல நாள்; நல்ல நாளில் யாராவது இதையெல்லாம் பேசுவார்களா? இப்படி ஒன்பது மாதம் ஓடியது. அந்த ஒன்பது மாதத்தில் ஒரு பெண் இன்னொரு பிள்ளையே பெற்றுவிடலாம். ஒரு ஆணால் ஒரு வாக்கியத்தைப் பெற்றெடுக்க முடியவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அது லேசான வாக்கியமும் இல்லை. ஜாஹிரின் அத்தா சுலைமான், பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாசி கண்டார் கடை வைத்திருந்தார். சோற்றின் மேல் நாலைந்து குழம்பை ஒன்றாகக் கலந்து ஊற்றுவதில்தான் அந்தச் சாப்பாட்டின் உயிரே இருக்கிறது. எந்தக் குழம்பு முதலில், எது கடைசியில், எவ்வளவு என்பதைக் கைதான் முடிவு செய்யும். பதினோரு வருஷமாக அந்தக் கடையின் கை ஜாஹிர். “என் மவன் கை மாதிரி இன்னொரு கை இந்த ஜோர்ஜ்டவுன்ல உண்டா?” என்று சுலைமான் வாடிக்கையாளர்களிடம் கேட்பார். வாயில் சோறு இருக்கிறவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? தலையாட்டுவார்கள்.

அந்தக் கையைத்தான் வீட்டில் பால் புட்டி பிடிக்க அனுப்பும்படி கேட்க வேண்டும்.

கேட்கும்வரை சும்மா இருக்க முடியுமா? பிள்ளை பார்க்க ஆள் தேடும் படலம் ஆரம்பமானது. ஃபஸீலா கெலுகோரில் ஒரு மருந்து ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். மில்லிகிராம் பிசகினாலும் முழுத் தொகுதியையும் தூக்கி எறிகிற இடம். அந்தப் பழக்கத்தில், வருகிற ஆளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்தாள். காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய், தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வாய், போனைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையைக் குளிப்பாட்டுவாயா.

மாமனார் அந்தத் தாள்களை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, மரியாதையாகப் படித்தார். பிறகு அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் செருகினார்.

“கேள்விக்கு யார் வேணா பதில் சொல்வாங்கம்மா. முப்பது வருஷமா ஆள் வைக்கிறேன். கைய பாத்தா போதும், ஆளு தெரிஞ்சிடும்.”

கை பார்ப்பது என்றால் ரேகை பார்ப்பது இல்லை. கடைக்கு யார் வேலை கேட்டு வந்தாலும் சுலைமான் வைக்கிற பரீட்சை அது. தட்டு கழுவ வந்தவனாக இருந்தாலும் சரி, முன்னால் ஒரு தட்டுச் சோறும் நாலு குழம்புச் சட்டியும் இருக்கும். “பஞ்ஜிர்!” என்பார், வெள்ளமாக ஊற்று என்று. குழம்பு சோற்றை மூழ்கடிக்க வேண்டும், ஆனால் தட்டு விளிம்பைத் தொடக்கூடாது. கரண்டி நடுங்கினால் பதற்றக்காரன். தாராளமாக ஊற்றினால் ஊதாரி. சட்டியின் அடியைக் கலக்காமல் மேலாக மொண்டால் சோம்பேறி. இந்த விஞ்ஞானத்தின் மேல் சுலைமானுக்கு இருந்த நம்பிக்கை, ஃபஸீலாவின் ஆய்வகத்தில் யாருக்கும் எந்தக் கருவியின் மேலும் இருந்ததில்லை.

ஆகவே ஐந்து மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் குழம்பு ஊற்றியே தேர்வு செய்யப்பட்டாள். குழந்தை இன்னும் சோறே தின்ன ஆரம்பிக்கவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் வந்தவள் தனுஜா. பைராம் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து தினமும் வந்து போவதாகச் சொன்னாள். அக்காவின் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். பஞ்ஜிர் ஊற்றினாள் பாருங்கள், தட்டு விளிம்பு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சுலைமான் எழுந்தே நின்றுவிட்டார். மாமியார் ஆயிஷா, முழங்கால் வலியால் எழ முடியாததால், உட்கார்ந்தபடியே “மாஷா அல்லாஹ்” என்றார்.

ஆறு நாள் ஷாஹிரா ராணி மாதிரி இருந்தாள். ஃபஸீலா சந்தோஷமாக வேலைக்குப் போக உடுப்பெல்லாம் தேய்த்து மாட்டினாள். ஏழாம் நாள் கடைப் பையன் ஒருவன் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஊருக்குப் போனான். சுலைமான் போன் செய்தார்.

“ஃபஸீலா, அந்தத் தோட்டத்துப் பொண்ண கொஞ்சம் அனுப்பும்மா. ஒரு மத்தியானத்துக்கு மட்டும்.”

ஒரு மத்தியானம்தானே என்று அனுப்பினாள். அந்த மத்தியானம் இன்றுவரை முடியவில்லை. ஊருக்குப் போனவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் பினாங்கு முகத்தை மறந்துவிட்டான். புதிய ஆளுக்குப் பெர்மிட் எடுப்பதற்குள் ஷாஹிரா பள்ளிக்கூடம் போய்விடுவாள்.

“உங்க அத்தா நம்ம ஆள திருடிட்டாரு” என்று ஃபஸீலா ஜாஹிரிடம் சொன்னாள்.

“திருடலலா. பக்கத்துலதானே நிக்கிறா. நல்லா ஊத்துறா தெரியுமா?”

“அத பாத்துத்தான் எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.”

இரண்டாவது ஆளாக ஃபரா வந்தாள். குழந்தை வளர்ப்பில் டிப்ளோமா முடித்த இருபத்திரண்டு வயதுப் பெண். இந்த முறை ஃபஸீலா புத்திசாலித்தனமாக நடந்துகொண்டாள். பரீட்சைக்கு முதல் நாளே ஃபராவைத் தனியாக அழைத்து, “கரண்டிய பிடிக்கிறப்ப கை நடுங்கணும். நாலு சொட்டு மேசை மேல சிந்தணும். அது போதும், உன்ன கடைக்குக் கூப்பிட மாட்டாங்க” என்று பாடம் எடுத்தாள்.

“சிந்தினா வேலையே கெடைக்காதே அக்கா?”

“அத நான் பாத்துக்குறேன். மாமி உன் சர்ட்டிபிகேட்ட பாத்தா மயங்கிடுவாங்க.”

ஃபரா நல்ல மாணவி. நாலு சொட்டு கேட்டால் அரைக் கரண்டி சிந்தினாள். மேசை விரிப்பு மஞ்சளானது. சுலைமான் வெகுநேரம் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பயப்படுது. பயம் இருக்குற பொண்ணு ஏமாத்தாது. எடுத்துக்கலாம்” என்று தீர்ப்புச் சொன்னார். ஃபஸீலா தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். ஒன்பது நாள் மெச்சினாள். பத்தாம் நாள் மாமனார் வந்து, “இந்தப் பொண்ணுக்குப் பயம் தெளியணும்னா நாலு பேர் மொகத்த பாக்கணும்மா. தண்ணி ஆர்டர் எடுக்கட்டும். ஒரு மத்தியானத்துக்கு” என்று ஃபராவின் நலன் கருதி அழைத்துப்போனார். ஒரே வாரத்தில் அவள் பயம் தெளிந்து, பதினெட்டு மேசைக்கும் தாளில் எழுதாமல் தே தாரெக் டீக் கணக்கு வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

குழந்தைக் காப்பகம் பார்க்கலாம் என்றால், நல்ல காப்பகங்களில் அடுத்த வருஷம்வரை இடம் இல்லை. மாமியாரோ, “நாங்க எல்லாம் காப்பகத்துல விட்டா வளத்தோம்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, முழங்காலில் தைலம் தேய்த்துவிடச் சொன்னார்.

மூன்றாவதாக வந்த அழகு அக்காவை ஃபஸீலா எழுந்து நின்று வரவேற்றாள். ஐம்பது வயது, நெற்றி நிறையத் திருநீறு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நிபந்தனையைச் சொல்லிவிட்டார்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்லிடறேன். புள்ளைக்கு என்ன வேணாலும் செய்வேன். ஆனா மாட்டுக்கறி சட்டி இருக்குற எடத்துல கரண்டி பிடிக்க மாட்டேன்.”

“அக்கா, நீங்க எந்தக் கரண்டியும் பிடிக்க வேணாம்” என்று ஃபஸீலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சுலைமான் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் கொள்கை உள்ள மனிதர்களை அவருக்குப் பிடிக்கும். பரீட்சை இல்லாமலே அழகு அக்கா வேலைக்குச் சேர்ந்தார்.

பதினான்கு நாள். அதற்குமேல் என்ன எதிர்பார்க்க முடியும்? பதினைந்தாம் நாள் சுலைமான் கடையின் வலது மூலையில், மாட்டுக்கறி வாடையே எட்டாத தூரத்தில், இடுப்பளவு சுவர் எழுப்பி, தனி அடுப்பும் தனிச் சட்டிகளும் வைத்து, வெண்டைக்காய்க்கும் முட்டைக்கோஸுக்கும் ஒரு சாம்ராஜ்யம் அமைத்தார். அதற்கு அழகு அக்கா மகாராணி. “உங்க மாமா ரொம்ப தங்கமானவரும்மா. எனக்காகச் செவுரே எழுப்பிட்டாரு” என்று அக்கா போனில் நெகிழ்ந்தார். மருமகளுக்காக ஒரு செங்கல்லை நகர்த்தியிராத மனிதர் என்று ஃபஸீலா நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு ஆள் போய் அடுத்த ஆள் வருவதற்குள் இருந்த இடைவெளிகளில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டால், அதுதான் வேடிக்கை. காலை ஆறு மணியிலிருந்து கடைக்குக் கிளம்பும் பத்து மணிவரை ஷாஹிரா ஜாஹிரின் தோளில்தான் இருந்தாள். அவன் அவளைக் குளிப்பாட்டுவதைப் பார்க்க வேண்டும். ஒரு கையால் தலையைத் தாங்கி, மறு கையால் நீரை மொண்டு, ஒரு சொட்டு கண்ணில் படாமல் ஊற்றுவான். தூங்க வைக்க அவனுக்குத் தாலாட்டு தெரியாது. வராந்தாவில் நடந்துகொண்டே, “கோழி குருமா... இறால் சம்பால்... மீன் முட்ட... சோத்தோங்...” என்று கடையின் பட்டியலை இழுத்து இழுத்துச் சொல்வான். கணவாய்க்கறியான சோத்தோங் வருவதற்குள் மகள் தூங்கிவிடுவாள். ஃபஸீலா அரை மணி நேரம் மல்லுக்கட்டியும் மூடாத கண்கள் அவை.

அந்த நேரங்களில் அவனைப் பார்க்கும்போது ஃபஸீலாவுக்குக் கோபம் எல்லாம் வடிந்துவிடும். கடையில் கூட்டத்துக்கு நடுவே நிற்கிற ஜாஹிரின் முகம் வேறு; அது வேலை தெரிந்த முகம், அவ்வளவுதான். பிள்ளையோடு இருக்கிற இந்த முகத்தை அவள் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக இப்போதுதான் பார்க்கிறாள். பத்து மணி அடித்ததும் அவன் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று மூன்று முறை திரும்பிப் பார்ப்பான். பிறகு மோட்டாரை மிதிப்பான். வடிந்த கோபம் மறுபடி ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமை ஆய்வகத் தலைவி ஹேமா அழைத்தார்.

“ஃபஸீலா, நீ வேலைக்குத் திரும்புற தேதிய மூணு தடவை மாத்திட்டேன். இதுக்கு மேல என்னால முடியாதும்மா. திங்கக்கிழமை எட்டு மணிக்கு நீ வரலேன்னா அந்த எடத்துக்கு வேற ஆள போட்டுடுவாங்க. நான் சொல்றது புரியுதா?”

“புரியுது டாக்டர். வந்துடறேன்.”

“ஆள் கெடைச்சாச்சா?”

“மூணு பேர் கெடைச்சாங்க டாக்டர்” என்றாள் ஃபஸீலா. பொய் இல்லை.

அன்று அஞ்சு மணிக்கு, உடுப்பு மாற்ற வீட்டுக்கு வந்த ஜாஹிரை அவள் அடுக்களையிலேயே மடக்கினாள்.

“திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேன் மச்சான். ஏழு வருஷம் படிச்சு வாங்குன வேல. விட மாட்டேன்.”

“போ. யார் வேணாம்னா?”

“பிள்ளைய?”

அவன் தண்ணீர்க் குவளையைப் பார்த்தான். “அத்தாகிட்ட பேசணும்.”

“நான் பேசட்டுமா?”

கேட்டதும் அவளுக்கே அது பிடிக்கவில்லை. அவள் கேட்டால் மாமனார் சிரித்துக்கொண்டே மறுப்பார். மாமியார் சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் போட்டு, மருமகள் தன் மகனை ஆயா ஆக்கிவிட்டாள் என்று அழுவார். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. அவளாகப் போய் அனுமதி வாங்கிக் கொடுத்தால், அவன் மனசில் இருப்பது கடைசிவரை அவனுடையதாக ஆகாது.

“வேணாம். நீங்களே சொல்லுங்க. நேரம் பாத்துச் சொல்றேன்னு இன்னொரு தடவ சொன்னீங்கன்னா, அந்தக் குவளைய உங்க தலையில கவுத்துடுவேன்.”

ஜாஹிர் வாயைத் திறந்தான். குவளையைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

சனிக்கிழமையும் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாமனாரின் போன் வந்தது. குரலில் ஏக உற்சாகம்.

“ஃபஸீலா! ஆள் கெடைச்சிடுச்சு. தெய்வானைன்னு ஒரு பொண்ணு, ஆயர் ஈத்தாம்காரி. பிள்ளைய தூக்கிக்கிட்டு கடைக்கு வாம்மா.”

“கடைக்கு எதுக்கு மாமா? வீட்டுக்கு வரச் சொல்லுங்களேன்.”

“வீட்டுக்கு வந்து, அங்கேர்ந்து இங்க வந்து, எதுக்கு ரெண்டு வேல? இங்கயே கைய பாத்துடலாம்.”

எவ்வளவு நேர்மை! ஃபஸீலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

கடையில் வரிசை தெருவரை நின்றது. சட்டிகளுக்குப் பின்னால் ஜாஹிர் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தான், பக்கத்தில் தனுஜா. ஃபரா நாலு மேசைக்கு ஒரே மூச்சில் தண்ணி ஆர்டர் கத்தினாள். மூலையில் அழகு அக்கா வெண்டைக்காய்க்கு நடுவே வீற்றிருந்தார். பிள்ளை பார்க்க அவள் தேடித் தேடிக் கண்டெடுத்த அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ். பிள்ளையைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

தெய்வானை என்ற பெண், நாலு சட்டிக்கு முன்னால் கரண்டியோடு நின்று, ஷாஹிராவைப் பார்த்து, “இந்தப் பாப்பாவா?” என்று ஆசையாகக் கையை நீட்டினாள்.

“பாப்பா அப்புறம். மொதல்ல பஞ்ஜிர்” என்றார் சுலைமான்.

ஷாஹிரா அழ ஆரம்பித்தாள். சும்மா சிணுங்கல் இல்லை. முகம் சிவந்து, முதுகை வில்லாக வளைத்து. தனுஜா, “ஏய் கண்ணு, அக்காகிட்ட வாடி” என்று எட்டி வந்தாள், “இங்க கோழித் தொட ஒண்ணு!” என்று யாரோ கூப்பிட, திரும்பிப் போனாள். ஃபரா கன்னத்தைத் தட்டுவதற்குள் ஆறாம் மேசை அழைத்தது. அழகு அக்கா தூரத்திலிருந்தே உச்சுக்கொட்டினார். ஃபஸீலா தோளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். அழுகை கூடியது. இந்த அழுகையை விட்டுவிட்டு நாளைக் காலை எட்டு மணிக்குப் போக முடியாது. போகாவிட்டால் அதற்கப்புறம் எந்தக் காலையும் போக முடியாது.

அவள் ஜாஹிரைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

கரண்டி ஒரு சீனத் தாத்தாவின் தட்டுக்கு மேல் அப்படியே நின்றது. “தம்பி, குவா லா” என்று தாத்தா குழம்பை நினைவூட்டினார். ஜாஹிர் கரண்டியைத் தனுஜாவின் கையில் கொடுத்தான். பைப்பைத் திறந்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான். அவசரமே இல்லாமல் துடைத்தான். மேடையை விட்டு இறங்கி வந்து மகளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். ஷாஹிரா இரண்டு தேம்பல் தேம்பினாள். பிறகு அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அடங்கினாள்.

தனுஜா ஊற்றினாள். தாத்தா தட்டை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஆள் வந்தான், அதற்கடுத்த ஆள் வந்தான். கை மாறியதை வரிசையில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒருவர் கவனித்தார். சுலைமான் தெய்வானையை மறந்து, வரிசையையும் தனுஜாவின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடா, பாதியில எறங்கி வந்துட்ட?”

“பிள்ள அழுவுது அத்தா.”

“அதுக்குத்தானே ஆள் பாக்குறேன். குடு, இந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு மேல ஏறு. கூட்டத்த பாத்தியா?”

ஜாஹிர் கொடுக்கவில்லை. பிள்ளையின் முதுகில் இருந்த அவன் கை மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. மத்தியானம், நல்ல கூட்டம், அத்தாவின் முகத்தில் எரிச்சல். அவன் ஒன்பது மாதமாகத் தேடிய நேரத்துக்கு நேர் எதிரான நேரம் இது. ஃபஸீலா தரையைப் பார்த்தாள். உதவிக்குப் போய்விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“அத்தா.”

“சொல்லு, சொல்லு, ஆள் நிக்குது.”

“பிள்ள பாக்க வந்த மூணு பேரையும் கடைக்கு எடுத்துக்கிட்டீங்க. வச்சுக்குங்க அத்தா, நல்ல கை, நான் இல்லன்னாலும் ஓடும்.” அவன் பிள்ளையைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிப் போட்டுக்கொண்டான். “என்னைய வீட்டுக்குக் குடுத்துடுங்க. நாளைக்கு ஃபஸீ வேலைக்குப் போகட்டும். என் பிள்ளைய நான் பாத்துக்கணும்.”